சிவப்புப் பொட்டு

— பெட்டிய மூடுடி மொதல்ல. விசாரணைக்கு முன்னாடியே ஓடப் பாக்குறான்னு பேசுவாளுவ.

— ஓடல அந்தோணி சிஸ்டர். நாளைக்கு எப்டியும் அனுப்பத்தான் போறாங்க. எல்லார் முன்னாடியும் அழுதுகிட்டே மடிக்கிறதுக்கு, இப்பவே தனியா மடிச்சு வெச்சிடலாம்னு பாத்தேன்.

— ஒன்ன ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க, நான் சொல்ற மாரி சொன்னீன்னா. அதுக்குத்தான் இந்த உச்சி வெயில்ல வார்ட வுட்டுட்டு ஆஸ்டல் மாடி ஏறி வந்திருக்கேன். பெத்த பொண்ணு வலி எடுத்துப் படுத்திருக்கா. அவளையும் வுட்டுட்டு வந்திருக்கேன், தெரிஞ்சிக்க.

— ஜெயாவ சேத்துட்டீங்களா? எனக்கு யாருமே சொல்லலியே.

— ஒனக்கு எவ சொல்லுவா சங்கீதா? ஒன் ரூம் பக்கம் வரவே பயப்படுறாளுவ. காலைல சேத்தோம். மொதப் பிரசவம், பொழுது சாயணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வலிய விட வாந்திதான் புள்ளையப் பாடா படுத்துது. ஊசிய என் கையாலயே எடுத்துக் குடுத்துட்டு வந்திருக்கேன். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்து சரின்னதும் டூட்டில இருக்கிற கலைமதி போட்டுடுவா.

— நல்லபடியா பொறக்கட்டும் சிஸ்டர். நான் கூட இருந்திருக்கணும். ஜெயா என்னத்தான கேப்பா எப்பவும்.

— கேட்டா. வார்டுக்குள்ள வரக் கூடாதுன்னு மேட்ரன் சொல்லிட்டாங்கன்னேன். மூஞ்சத் திருப்பிக்கினா. சரி, அத்த வுடு. இந்தா பாரு, நாளைக்குக் கமிட்டி முன்னால நீ ரெண்டே வார்த்த சொல்ற. "அவசரத்துல கை மாறிப் போச்சு. என் கவனக்குறைவு." அவ்ளோதான். குனிஞ்ச தல நிமிராத. கண்ணுல தண்ணி வந்தா தொடைக்காத. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.

— கை மாறலியே சிஸ்டர்.

— மாறாமயா வாந்திக்கு ஊசி போட வந்த கொளஞ்சி செத்துப் போனா?

— கை எங்க போவணுமோ அங்கதான் போச்சு. அதச் சொல்லத்தான் ரெண்டு நாளா ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். பொட்டப் பத்தி ஒண்ணு...

— பொட்டா? அந்தப் பேச்ச எடுத்த, வாயிலயே போடுவேன். நான் இவ்ளோ தூரம் வந்ததே அதுக்குத்தான். நாளைக்கு ஒன் வாயில பொட்டுன்னு ஒரு வார்த்த வரக் கூடாது.

— பொட்டு இல்லாம எப்டி சிஸ்டர் சொல்றது? "எதப் பாத்தும்மா இந்த மருந்த எடுத்த?"ன்னு கேப்பாங்க. லேபிளப் பாத்துன்னு சொல்லவா? அந்த ஆம்ப்யூல் குப்பில ஏது லேபிள்? மொட்டக் கண்ணாடி.

— அது ஊருக்கே தெரியும். உப்பளத்துக் காத்து பட்டா இரும்பே உரியுது, காயிதம் எம்மாத்திரம்?

— கமிட்டிக்குத் தெரியாதே. டிரஸ்ட்டுக்காரங்க மெட்ராஸ்ல இருந்து ஏசி கார்ல வர்றாங்க. லேபிள் உரியுதுன்னு நீங்க எத்தன வாட்டி ஸ்டோர்ல சொன்னீங்க? பக்தவச்சலம் சார் என்ன சொன்னாரு? "அந்தக் காத்த நானா வாயால ஊதி வுடுறேன்?"னாரு. மேட்ரன் கிட்ட சொன்னதுக்கு, "நல்ல நர்சுக்கு மருந்து தெரியணும், லேபிள் எதுக்கு?"ன்னாங்க. அப்பால நாம என்ன பண்ணோம்? நான் வந்து சேந்த அன்னிக்கு நீங்கதான சிஸ்டர் பஞ்சு டப்பாவுக்குள்ள கைய வுட்டு அந்த ரெண்டு நெயில் பாலிஷ் பாட்டிலையும் எடுத்துக் காட்டுனீங்க? "லேபிள் போச்சுன்னா பதறாதடி, ஆம்ப்யூல் கழுத்தப் பாரு. சிவப்புப் பொட்டு வாந்தி ஊசி. ரோஸ் பொட்டு வலி ஊசி"ன்னு.

— சொன்னேன். இல்லன்னா வார்டு ஓடியிருக்குமா? ஆனா அது நமக்குள்ள. காலை ஜெபத்துல மேட்ரன் வெரல் வெரலா நகத்தப் பாக்கறவங்க. நெயில் பாலிஷ் வெச்சிக்கினா நர்சு இல்ல, கூத்தாடிங்கறவங்க. அந்தப் பாட்டிலுங்கள வார்டுலயே வெச்சி, மருந்து மேல பொட்டும் வெச்சோம்னு தெரிஞ்சா, பொம்பள வார்டு மொத்தமும் வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். ரிட்டையர் ஆவப் போற நேரத்துல என் தொப்பிய அவுத்து வெச்சி நிக்க வெப்பாங்க. என்ன மட்டுமா? கலைமதிக்கு ஆடி தாண்டுனா கல்யாணம். மாப்ள வூட்ல, வேலைய நம்பித்தான் சம்மதிச்சிருக்காங்க.

— எனக்கும் ஒரு வூடு இருக்குது சிஸ்டர். வானூர்ல எங்க தெருவுல மொத நர்சு நானு. எங்கப்பா கலியன்னு சொன்னா எவனுக்கும் தெரியாது. "நர்சு அப்பா"ன்னாதான் தெரியும். கொலகாரிக்கு அப்பான்னு நாளைக்குச் சொல்லுவானுங்க.

— கொலகாரின்னு எவன் சொன்னான்? கவனக்குறைவுன்னு சொல்லிட்டா, ஜெபத்துல தொப்பி இல்லாம கொஞ்ச நாள் நிக்க வெப்பாங்க. சம்பள உயர்வ நிறுத்துவாங்க. அப்பால மறந்துடுவாங்க. உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும், அது ஒலக வழக்கம்.

— தின்னது நான் மட்டுமா? அந்த நேரம் டாக்டர் எங்க இருந்தாரு? போன்லதான "ஒரு வாந்தி ஊசி போடு, சாப்ட்டுட்டு வர்றேன்"னாரு. வந்து கண்ணால பாத்தாரா? அவர யாரு கேட்டாங்க?

— டாக்டரப் பேசாத.

— ஏன் பேசக் கூடாது?

— டாக்டர் போயிட்டா ஆஸ்பத்திரிய இழுத்து மூடணும். நர்சு போயிட்டா, நாளைக்கே கடலூர்ல இருந்து பத்துப் பேரு பெட்டியோட வந்து நிப்பாளுவ. ஏழ சொல்லு அம்பலம் ஏறாதும்பாங்க. நீ ஏத்திடப் போறியா?

— சுனாமி வந்தப்ப இதே ஆளுங்கதான சிஸ்டர். பொணத்தயும் பொழச்சவங்களையும் ஒண்ணா தூக்கியாந்து வராந்தால போட்டாங்க. நாம வூட்டுக்குப் போவாம, தலகூட வாராம நின்னோம். அப்போ எவ நகத்தையும் மேட்ரன் பாக்கல. "என் பிள்ளைங்க"ன்னு கட்டிப் புடிச்சு அழுதாங்க. போன மார்கழிலதான். அதுக்குள்ள நான் யாரோ ஆயிட்டேன்.

— நீ யாரோ ஆனது அன்னிக்கு நீ பேசுன பேச்சால. சொல்லட்டுமா? எனக்கு இன்னும் மனசு ஆறல. கொளஞ்சிக்குக் கண்ணு சொருகுது, ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. அவசர மணிய விடாம அடிக்கிறாங்க. நான் ஓடியார்றேன், டாக்டரும் ஓடியார்றாரு. நீ இன்னா சொன்ன?

— வேணாம் சிஸ்டர்.

— "நீங்க சொன்ன ஊசியத்தான் போட்டேன் டாக்டர்." அதான் சொன்ன. ஒரு பொம்பள உசுரு போயிக்கினு இருக்குது. நாடியப் புடிக்கல. ஆக்சிஜன் கேக்கல. ஒன் வாயில மொதல்ல வந்தது அது. மனுஷி பேசற பேச்சாடி அது? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு அப்டி ஒருத்தி பக்கத்துல நின்னிருந்தா, நான் இன்னா ஆவேன்?

— தெரியும் சிஸ்டர். கண்ண மூடுனா அதுதான் கேக்குது, என் கொரலே எனக்கு. அந்தக்கா உப்பு வாரிட்டு அப்டியே எழுந்து வந்திருந்தாங்க. பாவாடை ஓரமெல்லாம் வெள்ளையா உப்பு பூத்துக் கெடந்துச்சு. கை பூரா வெடிப்பு, நரம்பே கெடைக்கல. மூணாவது தடவ கெடச்சதும் அவங்களே சிரிச்சாங்க. "மாட்டிக்கிச்சா? பாத்தி வெட்டறதவிட கஷ்டமா இருக்குதேம்மா ஒன் வேல"ன்னாங்க. நானும் சிரிச்சுக்கினே போட்டேன். பாதி மருந்து போறப்பவே நெஞ்சப் புடிச்சாங்க.

— அழாத. அழுது தீத்துடாத, நாளைக்கு மீதி வெச்சிக்க.

— அவங்க நெஞ்சப் புடிச்சப்ப என் கண்ணு முன்னால வந்தது யாரு தெரியுமா? அவங்க இல்ல. மேரிசெல்வி அக்கா. ஜெபத்துல தொப்பியில்லாம நின்னாங்களே, அந்த மூஞ்சி.

— அவள எதுக்கு இழுக்கற?

— அவங்க யாரக் கொன்னாங்க? ஊசில மருந்த இழுத்துட்டு, போடறதுக்கு முன்னாலயே நிறுத்திட்டாங்க. "மருந்து மாறப் பாத்துச்சு மேடம், லேபிள் இல்ல, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க"ன்னு அவங்களா போய்ச் சொன்னாங்க. உண்மையச் சொன்ன பாவத்துக்கு, ஒரு வாரம் ஜெபத்துல எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சு, "இவள் ஒரு உயிரை எடுக்கப் பார்த்தாள், இவளுக்காக ஜெபிப்போம்"னாங்க. அக்கா வேலைய வுட்டுட்டுப் போயிட்டாங்க. அன்னில இருந்து இந்த ஆஸ்பத்திரில எவளாச்சும் வாயத் தொறந்தாளா? தப்பு நடக்காமயா இருந்துச்சு? எனக்கே ரெண்டு வாட்டி கடசி நிமிஷத்துல தப்பிச்சுது. உங்களுக்கும் நடந்திருக்கும். சொன்னீங்களா? எங்கம்மா குடுத்த வாய் இல்ல சிஸ்டர் அன்னிக்குப் பேசுனது. இந்த ஆஸ்பத்திரி குடுத்த வாய்.

— நல்லா பேசக் கத்துக்கினு இருக்க. இத்தயெல்லாம் கமிட்டி முன்னால பேசி வெக்காத. கேட் வாசல்ல கொளஞ்சி புருஷன் மண்ணாங்கட்டி குந்திக்கினு இருக்கான். சண்ட போடல, சத்தம் போடல. தண்ணி குடுத்தா வாங்கல. போறவங்க வர்றவங்க காலையே பாத்துக்கினு இருக்கான். அவனுக்கு ஒரு ஆள் வேணும், யாரு பண்ணாங்கன்னு சொல்ல. டிரஸ்ட்டுக்கும் ஒரு ஆள் வேணும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு இருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஒருத்தி குனிஞ்சா பத்துப் பேரு பொழப்போம்.

— நான் குனிஞ்சா அடுத்த கொளஞ்சி பொழைப்பாளா சிஸ்டர்?

— இன்னாடி சொல்ற?

— அதத்தான் வந்ததுல இருந்து சொல்ல வர்றேன். நீங்க வாயிலயே போடறேங்கறீங்க. போடுங்க. ஆனா கேட்டுட்டுப் போடுங்க. நான் சிவப்புப் பொட்டு வெச்சதத்தான் எடுத்தேன்.

— பொய் சொல்லாத. சிவப்புல இருந்தா அது வாந்தி ஊசி. நீ போட்டது, நின்னுபோன இருதயத்த ஓட வெக்கிற ஊசி. நல்லா ஓடுற இருதயத்துல ஏத்துனா வெடிக்காம இன்னா பண்ணும்? அது நம்ம வார்டு மருந்தே இல்ல. கேஷுவாலிட்டியோடது. மேல் தட்டுல தனியா இருந்த டிரேல கைய வுட்டிருக்க.

— அந்த டிரே எப்டி நம்ம பீரோவுக்கு வந்துச்சு?

— அவங்க பீரோ கதவு துருப் புடிச்சுக் கழண்டு வுழுந்துடுச்சு. புதுசு வர்ற வரைக்கும் இங்க வையின்னு மேட்ரன் சொன்னாங்க. ஒனக்குத் தெரியாததா?

— அது தெரியும். தெரியாதது இன்னொண்ணு. கேஷுவாலிட்டி தேவா காலைல வராந்தா ஜன்னலாண்ட வந்து நின்னான். அவன்தான் சோறு குடுத்துட்டுப் போறான் ரெண்டு நாளா. நீ எதடி பாத்து எடுத்தன்னு கேட்டான். பொட்டப் பாத்துன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அவங்களும் பொட்டு வெக்கிறாங்களாம் சிஸ்டர்.

— யாரு? கேஷுவாலிட்டிலயா? அந்தத் தடிப் பசங்க ஏது நெயில் பாலிஷுக்கு?

— தேவாவோட அண்ணி பாட்டிலாம். அவங்க லேபிளும்தான உரியுது, அவங்களுக்கு மட்டும் வேற காத்தா? அவங்களும் நம்மள மாரியே ஒளிச்சு ஒளிச்சு வெச்சிருக்காங்க. நமக்கு ஆளாளுக்கு வாந்தி, அடிக்கடி வேணும், கண்ணுக்குப் பட்டுன்னு தெரியணும்னு அதுக்கு சிவப்பு வெச்சோம். அவங்களுக்கு சிவப்புன்னா ஆபத்து. உசுரு போறப்ப எடுக்கிற ஊசிக்கு சிவப்பு வெச்சாங்க.

— ஏசுவே...

— ஆராயி பீரோ தொடைக்கிறப்ப ரெண்டு டிரேயையும் ஒண்ணாக் கொட்டியிருக்கா. ஒரே அளவு, ஒரே கண்ணாடி, ஒரே சிவப்பு.

— அப்போ ஆராயிதான்! ஆராயி கொட்டுனான்னு சொல்லிடலாமே நாளைக்கு. கூட்டிப் பெருக்கறவ. அவளுக்கு இன்னா போவப் போவுது?

— அவ கூட்டற வெளக்கமாறுதான் சிஸ்டர் அவளுக்கு இருக்கிறது, அதுதான் போவும். எடம் பத்தலன்னு ஒண்ணா வெச்சா. மொட்டக் கண்ணாடிய எழுதப் படிக்கத் தெரியாதவ எப்டி பிரிப்பா? படிச்ச நாமளே ஒரு வார்டு இன்னொரு வார்டு கிட்ட மறச்சோம். மேட்ரன் காதுல வுழுந்துடும்னு ஒருத்தர் கிட்டயும் மூச்சு வுடல. ஒரே ஒரு நாள், "எங்க சிவப்பு இது, உங்க சிவப்பு எது?"ன்னு யாராச்சும் கேட்டிருந்தா, கொளஞ்சி இன்னிக்கு உப்பு வாரிக்கினு இருப்பாங்க. நாளைக்கு நான் இத சொல்லத்தான் போறேன் சிஸ்டர். என்ன அனுப்பட்டும். உங்க தொப்பியும் போவலாம். மன்னிச்சிடுங்க. ஆனா அந்த டிரேல இன்னும் கேஷுவாலிட்டி சிவப்பு மிச்சம் இருக்குது. இன்னொருத்தி கைய வுட்டா? சிஸ்டர்? அந்த டிரேயத் தனியா எடுத்துப் பூட்டி வெச்சிட்டீங்கல்ல? ஏன் சிஸ்டர் செவத்தையே பாக்கறீங்க? டிரே எங்க?

— பொட்டு இல்ல இப்ப.

— இல்லன்னா?

— நேத்து உக்காந்து நானும் கலைமதியும் எல்லாத்தையும் பிளேடு வெச்சுச் சொரண்டிட்டோம். கமிட்டி வந்து பீரோவத் தொறந்தா பொட்டு கண்ணுல படக் கூடாதுன்னு.

— சொரண்டிட்டு? மொட்டையாவா வெச்சிருக்கீங்க?

— பக்தவச்சலத்துக்கிட்ட கெஞ்சி புது லேபிள் வாங்கினேன். அச்சடிச்சது. பளபளன்னு. ஒவ்வொண்ணுலயும் ஒட்டுனோம்.

— எதப் பாத்து ஒட்டுனீங்க?

— எதப் பாத்து ஒட்டுவோம்? சொரண்டுறதுக்கு முன்னால கலைமதி பொட்டப் பாத்துச் சொல்லுவா. நான் ஒட்டுவேன்.

— சிவப்புக்கு எந்த லேபிள் சிஸ்டர்?

— நம்ம கணக்குதான்டி.

— வாந்தி ஊசின்னா?

— வாந்தி ஊசின்னு.

— ஐயோ, சிஸ்டர். அத்தனை சிவப்புக்குமா? இனிமே எவ சந்தேகப்படுவா? பொட்டாவது நாம வெச்சது, ஒரு நிமிஷம் யோசிப்போம். அச்சடிச்ச லேபிள எவ சந்தேகப்படுவா? ஓடுங்க சிஸ்டர், அந்த டிரேய யாரும்... சிஸ்டர், என்ன ஆச்சு? ஏன் உக்காந்துட்டீங்க?

— வர்றப்ப எடுத்துக் குடுத்துட்டு வந்தேன் சங்கீதா.

— என்னத்த?

— ஜெயாவுக்கு. புது லேபிள் ஒட்டுன ஊசி. என் கையால.

— டாக்டரம்மா இன்னும் ரவுண்ட்ஸ் வந்திருக்க மாட்டாங்க. எழுந்திருங்க. போடல, இன்னும் போட்டிருக்க மாட்டா. எழுந்திருங்க சிஸ்டர், என் தோளப் புடிங்க. நானும் வர்றேன், மேட்ரன் பாத்தா பாக்கட்டும்.

— இரு. அது இன்னா சத்தம்?

— மணி.

— எந்த மணி?

— அவசர மணி சிஸ்டர். விடாம அடிக்கிறாங்க.

— கேஷுவாலிட்டியா இருக்கும். ரோட்டுல லாரி எவனையாச்சும் அடிச்சிருக்கும். வேற யாருக்காச்சும் இருக்கும். வேற யாருக்காச்சும் இருக்கட்டும் ஆண்டவரே.

— யாரோ மாடி ஏறி ஓடியார்றாங்க.

— அந்தோணி சிஸ்டர்! அந்தோணி சிஸ்டர்!

— கலைமதி! கலைமதி, ஜெயாவுக்கு இன்னாடி? ஜெயா எப்டி இருக்கா? மூச்சு இருக்குதா? சொல்லுடி!

— நீங்க எடுத்துக் குடுத்த ஊசியத்தான் போட்டேன் சிஸ்டர்.